கண் திறக்காத ஆறு பக்கங்கள்

செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது அவர் இறந்து ஒரு வாரம் தாண்டியிருந்தது. திருப்பதியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் உட்கார்ந்து, மூன்றாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்காக ஒரு வாத்துக்கு மூக்குக்கண்ணாடி வரைந்துகொண்டிருந்தேன். பழைய காமிக்ஸ் இதழ்களைச் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய மங்கலான புகைப்படம் வந்து விழுந்தது. படக்கதை ஓவியர் சித்தூரில் காலமானார் என்று ஒரு வரி. அதன் கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக. அந்த வரிசை முடிவதற்குள்ளேயே ஒருவர், குறிப்பிட்ட ஒரு பழைய இதழ் யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரித்திருந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முதலில் அந்த ஆள் மேல், பிறகு செத்துப்போனவர் மேல், கடைசியில் என் மேல். சித்தூர் என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் பிடித்தால் ஒன்றரை மணி நேரம். நானோ அவர் சென்னையில் எங்கோ மாடிவீட்டில் இருப்பதாக நினைத்து, அப்புறம் அவர் பெயர் எங்கும் வராமல் போனதும், எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார் என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். உயிரோடு இருந்த மனிதரை இத்தனை வருடம் மனதுக்குள் புதைத்து வைத்திருந்திருக்கிறேன். குழுவில் விசாரித்து முகவரி வாங்கினேன். கிரீம்ஸ்பேட்டை. மறுநாளைக்கு மறுநாள் கருமாதி என்றார்கள். விடுமுறை கேட்டபோது இறந்தவர் என்ன முறை என்று கேட்டார்கள். பெரியப்பா என்று சொல்லிவிட்டேன்.

நகரியில் எங்கள் வீட்டின் முன்கூடத்தில் நான்கு விசைத்தறிகள் ஓடின. தறி ஓடும் வீட்டில் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. நைனா என்னைப் பார்ப்பார், பிறகு தண்ணீர்க் குடத்தைப் பார்ப்பார். நான் சொம்பில் மொண்டுகொண்டு போய்க் கொடுப்பேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தம்பியைப் பார்த்தால் அவனைத் தூக்கிக்கொள் என்று அர்த்தம், தம்பியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தால் அவனை அடித்தது நீதானே என்று அர்த்தம். பேச்சைக் காதால் வாங்குவதற்கு முன் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் நாங்கள். அதனால்தான் அவருடைய படக்கதை என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது என்று இப்போது தோன்றுகிறது.

அது தெலுங்கிலும் தமிழிலும் வந்த ஒரு சிறுவர் மாத இதழ். படங்கள் ஒன்றே, எழுத்து மட்டும் வேறு. நகரிக் கடைக்கு ஒரு மாதம் தெலுங்கு வரும், ஒரு மாதம் தமிழ் வரும், சில மாதம் இரண்டும் வராது. கடைசிப் பக்கங்களில் அவருடைய தொடர். சித்தூரிலிருந்து நகரி வழியாகத் திருத்தணி போகும் பேருந்தில் ஒரு பெண் நடத்துநர். ஒவ்வொரு மாதமும் பஸ்ஸில் ஏதாவது தொலையும். ஒரு மாதம் சேவல், ஒரு மாதம் மாப்பிள்ளையின் கைக்கடிகாரம். நடத்துநர் யாரையும் விசாரிக்க மாட்டாள், பையைச் சோதிக்க மாட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று யார் எங்கே பார்க்கிறார்கள் என்று கவனிப்பாள். கடைசிக் கட்டத்தில் அவள் முகம் மட்டும் பெரிதாக இருக்கும். அவள் பார்க்கிற ஆள்தான் திருடன். வசனத்தில் எழுதியிருக்காது. நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். மொழிபெயர்த்தவர்கள் வசனத்தை இஷ்டத்துக்கு மாற்றி எழுதியிருப்பார்கள், ஆனால் பார்வையை யாராலும் மாற்ற முடியவில்லை. பத்து வயதில் அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்துதான் நான் வரையக் கற்றுக்கொண்டேன். இன்று வாத்துக்கு மூக்குக்கண்ணாடி போட்டுச் சம்பளம் வாங்குவதும், மிச்ச நேரத்தில் தறி பழுதுபார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றி ஒரு படக்கதை வரைந்து இணையத்தில் போடுவதும் அங்கிருந்து வந்ததுதான். வேறு எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் நான் போகவில்லை.

மறுநாள் காலையில் கிளம்பினேன். மாம்பழக் காலம். கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போகும் டிராக்டர்கள் பூதலப்பட்டைத் தாண்டியதும் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. பஸ் ஊர்ந்தது. என் மடியில் ஒரு மாலை வாடிக்கொண்டிருந்தது. பத்து நாள் கழித்துப் போகிறவளுக்கு மாலை எதற்கு என்று பாதி வழியில்தான் உறைத்தது. வெறுங்கையோடு போனால் யார் என்று கேட்பார்களே என்கிற பயத்தில் வாங்கியிருக்கிறேன்.

கேட்கத்தான் செய்தார்கள். வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, நான் யார் என்று முதலில் தெலுங்கிலும் பிறகு தமிழிலும் கேட்டார். வாசகி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நானும் படம் வரைகிறவள் என்றேன். அவ்வளவுதான். அந்தப் பெண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து, உள்ளே பார்த்து, படம் போடுறவங்க வந்துட்டாங்க என்று குரல் கொடுத்தார். என் மாலையை வாங்கிப் படத்துக்குப் போட்டார்கள். உட்காரக்கூடச் சொல்லாமல் மாடி அறைக்கு அழைத்துப் போனார்கள். இவ்வளவு மரியாதை எதற்கு என்று நான் யோசிப்பதற்குள் அவருடைய மேசைக்கு முன்னால் நின்றிருந்தேன்.

மேசையில் ஆறு பக்கங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பேருந்து, ஜன்னல் கம்பிகள், பின்னிருக்கையில் ஆட்டுக்குட்டி, கூட்டத்தில் நடத்துநர். மை போட்டு முடித்த பக்கங்கள். ஆனால் ஒரு முகத்திலும் கண் இல்லை. புருவம் இருந்தது, இமைக்கோடு இருந்தது, உள்ளே வெள்ளையாக விட்டிருந்தார். ஒரு பஸ் நிறையக் கண்ணில்லாத ஜனங்கள். வசனக் குமிழ்களும் காலி.

அறையின் மூலையில் சுவரோரமாக அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, நேராக நிமிர்ந்து உட்காரும் அம்மா. அவர் வாயிலிருந்துதான் விஷயம் தெரிந்தது. அவருடைய மாமனார் பிள்ளையார் பொம்மை செய்கிறவர். அந்த வீட்டில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில்தான் கண் திறப்பார்கள். அவர் மகனான இந்தப் படக்கதைக்காரர் காகிதத்துக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. எல்லாப் பக்கமும் முடிந்த பிறகு ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து, ஒரே மூச்சில் எல்லாக் கண்களையும் போடுவாராம். கதை என்ன என்று அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. யார் திருடன் என்பதே கண் போட்டால்தானே தெரியும். இதழ் நின்று எத்தனையோ காலமான பிறகும் வரைந்துகொண்டேதான் இருந்திருக்கிறார். யாருக்காக என்று கேட்டால், பஸ் ஓடுவது நின்றுபோய்விட்டதா என்று திருப்பிக் கேட்பாராம். இந்த ஆறு பக்கத்தையும் முடித்துவிட்டு, நாளைக் காலையில் கண் போடுகிறேன் என்று சொல்லிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்குக் கருமாதி. கண்ணு தெறக்காத மொகத்த ஊட்டுல வெச்சிக்கினு நான் காரியம் பண்ண மாட்டேன். நீ தெறந்து குட்தா இருக்கட்டும். இல்லன்னா அவுரு துணி பாயோட இதுவும் நீவாவுக்குப் போவட்டும்" என்றார்.

நீவா ஆற்றில் அந்த மாதத்தில் கணுக்கால் நனையத் தண்ணீர் இருந்தால் அதிசயம். அது வேறு விஷயம். அந்த அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஊரில் பிள்ளையாருக்குக் கண் திறக்கிற ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாவு வீட்டில் கண் திறந்தால் வரும் சதுர்த்திக்கு எவனும் தன்னைக் கூப்பிட மாட்டான் என்று அவர் மறுத்துவிட்டார். திருப்பதியில் தெரிந்தவர்களிடம் சொல்லி ஒரு ஆள் அனுப்பச் சொல்லியிருந்தார்களாம். திருப்பதியிலிருந்து, படம் வரைகிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் வந்து நிற்கிறேன். நான் அந்த ஆள் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் கீழே அனுப்பிவிடுவார்கள். அந்தப் பக்கங்களை விட்டு என் கால் நகரவில்லை.

தொடவும் பயமாக இருந்தது. வேறொரு இடத்தில், வேறு யாராவது இப்படிச் செய்யப்போனால் நான்தான் முதல் ஆளாகக் கத்தியிருப்பேன். செத்துப்போன கலைஞரின் படத்தில் கைவைக்க இவள் யார் என்று நாலு பத்தி எழுதிப் போட்டிருப்பேன். அதனால் ஒரு யோசனை சொன்னேன். மேலே ஒளி ஊடுருவும் தாள் ஒன்றை வைத்து அதில் கண்களை வரைகிறேன், கீழே அவர் வரைந்தது அப்படியே இருக்கும் என்று. எனக்கே என் சாமர்த்தியம் பிடித்திருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அது அங்கேயே செத்தது. கண் ஒரு தாளிலும் முகம் ஒரு தாளிலும் இருந்தால் அதற்குப் பெயர் கண்ணா என்று கேட்டார். கைப்பேசியில் ஆறு பக்கத்தையும் படம் பிடித்துக்கொண்டேன். அதை மட்டும் அந்த அம்மா தடுக்கவில்லை.

சமையல் பாத்திரமும் ஐயரும் ஏற்பாடு செய்ய அந்த அம்மாவின் மகன் வெளியே போயிருந்தார். பெங்களூரில் வேலை. அவர் சாயங்காலம் இந்தப் பக்கங்களை வாங்கிக்கொள்ளச் சென்னையிலிருந்து ஒரு சேகரிப்பாளரை வரச் சொல்லியிருக்கிறார் என்பதையும், அந்த மனிதர் பக்கங்களில் ஒரு புள்ளிகூட யாரும் வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார் என்பதையும் அந்த அம்மாவே சொன்னார். மகன் வருவதற்குள் முடித்துவிடு என்றார். காற்றில் தாள் பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்தினார். கதவைச் சாத்தினார். என்னைக் கிணற்றடிக்கு அனுப்பிக் கைகால் முகம் கழுவிக்கொண்டு வரச்செய்தார். அவருடைய பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார். நாலு முடி இருக்குமோ என்னவோ, அவ்வளவு மெல்லியது.

கூட்டத்தின் ஓரத்தில் நின்றவர்களிடமிருந்து ஆரம்பித்தேன். முதல் புள்ளி வைக்கும்போது மூச்சு விடவில்லை. இரண்டாவது, மூன்றாவது போனதும் ஒன்று புரிந்தது. நான் எதையும் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்த கிழவரின் கழுத்து, பூக்கூடைக்காரியின் தோள், ஆட்டுக்காரரின் முகவாய் எல்லாமே எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று எனக்குக் காட்டின. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒருவரின் டிபன் கேரியர் தொலைந்திருக்கிறது. அதுதான் கதை. அவர் பதறி எழுந்ததும் பஸ்ஸே திரும்புகிறது. யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதை உடம்புகளிலேயே எழுதி வைத்துவிட்டுத்தான் மனிதர் படுத்திருக்கிறார். எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. சாவு வீட்டின் மாடியில் உட்கார்ந்து சந்தோஷப்படுகிறேனே என்று கூச்சமாகவும் இருந்தது. வியர்வை தாளில் விழாமல் இருக்க அந்த அம்மா துண்டால் என் நெற்றியை ஒற்றிக்கொண்டே இருந்தார்.

ஐந்தாவது பக்கத்தில் இருந்தபோது கீழே மோட்டார் சைக்கிள் நின்ற சத்தம் கேட்டது. படியில் காலடி. கதவைத் திறந்த மகன் மேசையைப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தார். தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிக் கத்த ஆரம்பித்தார். அவர் கத்தியதில் நியாயம் இல்லாமல் இல்லை. நைனா கடைசியாகத் தொட்டது இது, அது தொட்டபடியே இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கட்சி. அந்த அம்மா எழுந்து நின்றார். கண் போடாத ஒரு படம்கூட இந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போனதில்லை என்றார்.

"அதெல்லாம் நைனா போட்டதும்மா. இவங்க யாரு? நைனாவுக்கு இன்னா ஓணும் இவங்க?"

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன். திருப்பதி ஆட்கள் அனுப்பியது என்னை இல்லை, நான் அவருடைய கதைகளைப் படித்து வளர்ந்தவள், அவ்வளவுதான் எனக்கும் அவருக்கும் உள்ள உறவு என்று இருவரையும் பார்த்துச் சொன்னேன். மகன், பார்த்தாயா என்பதுபோல அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா மேசைக்கு வந்தார். என் நாற்காலியை நகர்த்தச் சொல்லிவிட்டு, பிரஷ்ஷை எடுத்து மையில் தோய்த்தார். சோறு பிசைகிற மாதிரி அதை ஐந்து விரலாலும் பிடித்துக்கொண்டு ஆறாவது பக்கத்தின் மேல் குனிந்தார். பிரஷ் முனையில் ஒரு பொட்டு மை கனத்துத் தொங்கியது. அதற்கு நேர் கீழே நடத்துநரின் முகம்.

மகன் பாய்ந்து வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம்மா, வேண்டாம்மா என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "மீரே வெய்யண்டி" என்றார். நீங்களே போடுங்கள் என்று தெலுங்கில் சொல்லும்போது அந்தக் கோபக்காரர் சின்னப் பையன் மாதிரி அழுதுகொண்டிருந்தார்.

மற்றவர்களுக்கெல்லாம் போட்டு முடித்தேன். இருவரும் எனக்குப் பின்னால் நின்றார்கள். கடைசிக் கட்டம் மட்டும் மிச்சம். அதில் அவள் முகம் நேராக இருந்தது. கழுத்து திரும்பவில்லை, தோள் சாயவில்லை, முகவாய் எந்தப் பக்கமும் காட்டவில்லை. மற்ற எல்லோருக்கும் துப்பு வைத்தவர் அவளுக்கு மட்டும் ஒன்றும் வைக்கவில்லை. யாரைப் பார்க்கப்போகிறாள் என்பதைக் காலையில் குளித்துவிட்டு வந்து தீர்மானிக்கலாம் என்று விட்டிருக்கிறார். முந்தைய ஐந்து பக்கங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆட்டுக்காரரா, பூக்கூடைக்காரியா, ஓட்டுநரா? ஒரு தடயமும் இல்லை. இத்தனை வருடம் அவர் போட்ட கண்களைப் பார்த்தே திருடனைப் பிடித்தவள் நான். அவர் போடாத கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்போதுதான் அவர் இல்லை என்பது எனக்குள் இறங்கியது. குழுவில் படித்தபோது இறங்கவில்லை, மாலை போட்ட படத்தைப் பார்த்தபோதும் இறங்கவில்லை. கேட்க ஆள் இல்லை. இனி ஒருபோதும் இல்லை.

போடும்மா, வெயில் ஏறுகிறது என்றார் அந்த அம்மா. இடது கண்ணை வைத்தேன். ஆட்டுக்காரரைப் பார்க்கட்டும் என்று ஓரமாக வைத்தேன். வலது கண்ணுக்குப் போகும்போது கை இம்மியளவு நழுவியது. புள்ளி நினைத்த இடத்தைத் தாண்டி விழுந்தது. உடனே நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் மானம் போகிறது. தாளை இரண்டு விரலால் தட்டினேன். அலுவலகத்தில் கணினிப் பலகையில் வரையும்போது அப்படித் தட்டினால் கடைசியாகப் போட்டது மறைந்துவிடும். தட்டினேன், மறையவில்லை, இன்னொரு முறை தட்டினேன். மகன் எதற்குத் தட்டுகிறீர்கள் என்று கேட்டார். நான் பிரஷ்ஷை வைத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். நடத்துநர் ஆட்டுக்காரரைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் இருந்த எவரையும் பார்க்கவில்லை. பார்வை அவர்கள் தலைக்கு மேலே, படிக்கட்டைத் தாண்டி, வெளியே சாலையில் போயிருந்தது. இந்தக் கதையில் திருடன் அகப்படவே போவதில்லை.

அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். மகனும் குனிந்தார். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவுரு போட்டா இவ யாரையாவது பாத்துக்கினு இருப்பா. நீ போட்டவ யாரையோ தேடிக்கினு கீறா" என்றார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "இருக்கட்டும். தேடட்டும்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்து வயதிலிருந்து சேர்ந்ததெல்லாம் மொத்தமாக வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன், நிற்கவில்லை. அந்த அம்மா என் தோளைப் பிடித்து மேசையிலிருந்து ஒரு முழம் நகர்த்தினார்.

"அப்பிடிப் போயி அழு. மை இன்னும் காயல."